மனப்பாடம் இருக்கிறது, உரை எங்கே?

(பத்துமலையில் தமிழாசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியத்தின்வழி சொல்வளம் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு புலம்பலில் தொடங்குவார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை, பேச்சில் பாதி மலாய், மீதி ஆங்கிலம் என்று அது போகும். எனக்கு அந்தப் புலம்பலில் விருப்பமில்லை. பிள்ளைகளிடம் என்ன இல்லை என்பதை விட்டுவிட்டு, என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

தைப்பூசத்தன்று கீழே படிக்கட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணில் படும் பத்து வயதுப் பிள்ளையிடம் கந்தர் சஷ்டி கவசத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தேவராய சுவாமிகள் பாடியதைச் சூலமங்கலம் சகோதரிகளின் ராகம் மாறாமல் அப்படியே ஒப்புவிக்கும். யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. விடிகாலையில் வீட்டிலும், பள்ளிக்குப் போகும் வழியில் காரிலும் கேட்டுக் கேட்டுப் படிந்தது. அந்தக் கவசத்தில் உடம்பின் உறுப்புகள் வரிசையாக வருகின்றன. நாசி, பிடரி, நாபி, முழந்தாள், கணைக்கால் என்று தலையிலிருந்து பாதம் வரை ஒரு முழு உடற்கூறே அதில் இருக்கிறது.

இப்போது அதே பிள்ளையிடம், “கணைக்காலைக் காட்டு பார்ப்போம்” என்று கேளுங்கள். குனிந்து கணுக்காலைத் தொடும். கணுக்கால் வேறு, பாதம் வந்து சேரும் மூட்டு அது. முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே இருப்பதுதான் கணைக்கால். திடலில் பந்து விளையாடும் பையனுக்கு அடிபடுவதெல்லாம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வீட்டுக்கு வந்து, “அம்மா, கால் வலிக்குது” என்கிறான். எந்த இடம் என்று கேட்டால் விரலால் காட்டுகிறான். அந்தச் சொல் அவன் வாயில் நூற்றுக்கணக்கான தடவை வந்து போயிருக்கிறது. அவன் காலில் மட்டும் அது வந்து சேரவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நம்மிடம் மனப்பாடம் இருக்கிறது, உரை இல்லை.

பழைய கல்வியில் இவை இரண்டும் பிரியாமல் இருந்தன. பாட்டை நெட்டுருப் போட வேண்டும். பிறகு அதற்கு உரை கேட்க வேண்டும். ‘பாடம் கேட்டார்’ என்றே பழைய புலவர்களைப் பற்றிச் சொல்வோம். படித்தார் என்பதைவிட அதில் பொருள் அதிகம், ஏனென்றால் சொல்ல ஒருவர் எதிரில் இருந்தார். மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்கள் முதல் பாதியைத் தொண்டையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கித்தா காட்டிலும் லயத்திலும் அந்தப் பாட்டுகள் பிழைத்துக்கொண்டன. இரண்டாம் பாதி ஏட்டிலும் பண்டிதர் வீட்டுத் திண்ணையிலும் இருந்தது. அது கப்பலேறவில்லை. ஏறியிருக்கவும் முடியாது. இந்தக் குகையில் தைப்பூசம் கொண்டாடத் தொடங்கியது 1892 என்பார்கள். உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டு வெளியிட்டதும் அதே 1892இல்தான். பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துக்கொண்டிருந்தவர் கைக்கு அந்தப் புத்தகம் எப்படி வந்திருக்கும்?

அன்றைக்குக் காரணம் இருந்தது. இன்றைக்கு என்ன காரணம் சொல்வோம்? மனப்பாடத்துக்கு நாம் வைத்திருக்கும் ஏற்பாடுகளைப் பாருங்கள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் திருமுறை ஓதும் போட்டி நடத்துகிறது. வட்டாரம், மாநிலம், தேசியம் என்று பிள்ளைகள் ஏறி வருகிறார்கள். பள்ளிக்குப் பள்ளி திருக்குறள் மனனப் போட்டி. தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்திலேயே செய்யுளும் மொழியணியும் என்று ஒரு பகுதி. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, வெற்றி வேற்கை, மூதுரை, நல்வழி, நாலடியார், குறள் என்று ஆறாம் ஆண்டு முடிப்பதற்குள் ஒரு பிள்ளை தொடும் நூல்களைத் தமிழ்நாட்டு நண்பர்களிடம் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தச் செய்யுளின் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, ‘பொருள்’ என்று இரண்டு வரி எழுதி, அதையும் மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். பொருளையும் நெட்டுருப் போட்டால் அது உரை ஆகாது. இரண்டாவது மனப்பாடம், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம். உவமைத்தொடர் பட்டியலில் ‘சிலை மேல் எழுத்து போல’ என்று ஒன்று இருக்கிறது. மனத்தில் அழியாமல் பதிவது என்று பொருள் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். வாசலில் நிற்கும் முருகனைக் காட்டி ஒரு பையன் கேட்டானாம், “சார், அவ்வளவு பெரிய சிலையில எங்க சார் எழுதியிருக்கு?” 2006இல் திறந்த சிலை, 42.7 மீட்டர் உயரம். அதில் எழுத்து கிடையாது என்பது சரிதானே! அந்தக் கேள்விதான் பாடம். சிலை என்றால் கல். கல்லில் வெட்டியதால் உருவத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. கல்வெட்டை நினைத்துக்கொண்டால் உவமை உடனே விளங்கிவிடும். அதே எழுத்தில் சிலை என்றால் வில். சிலைத்தல் என்றால் முழங்குதல். இதையெல்லாம் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பாடவேளையில் இடம் இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்றும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதைப் பள்ளியின் தலையில் கட்டாமல் வேறு ஓர் ஏற்பாடு கேட்கப் போகிறேன். கடைசியில் சொல்கிறேன்.

பட்டியலை மனப்பாடம் செய்வதே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் முன்னோர்கள் பட்டியலை விழுங்கியவர்கள். அதற்குப் பெயர் நிகண்டு. திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டைப் பாடாமல் மேலே போக முடியாது. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். மண்டலபுருடர் அதைப் பன்னிரண்டு தொகுதியாக வைத்தார். தேவர் பெயர் ஓர் இடம், மக்கள் பெயர் ஓர் இடம், விலங்கு, மரம், இடம் என்று சொற்கள் உறவுமுறையோடு குடியிருக்கும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்து அகர வரிசையைக் கொண்டுவந்தார். தேடுவதற்கு அதைப்போல் வசதி வேறு இல்லை. ஆனால் தேடுவது வேறு, கற்பது வேறு. அகர வரிசையில் யானைக்குப் பக்கத்து வீட்டில் யாழ் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. கைப்பேசியில் ‘இன்று ஒரு சொல்’ என்று அனுப்புகிறார்களே, அது இன்னும் மோசம். அக்கம்பக்கமே இல்லாத சொல். மறுநாள் காலையில் அது போன இடம் தெரியாது.

நிகண்டு மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அதற்குச் சாட்சி சொல்ல உ.வே.சா.வையே கூப்பிடலாம். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அவர் படித்த நூல்களின் பெயரைச் சொல்லவே நேரமாகும். ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவ்வளவையும் கேட்டுவிட்டு, இதனால் என்ன பயன் என்கிறார். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை. பிரதி கையில் வருகிறது, புரட்டுகிறார், புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. அந்த உரைக்கும் ஓர் உரை வேண்டியிருக்கிறது. நிகண்டு தெரிந்தவர், இலக்கணம் தெரிந்தவர், தமிழில் அன்றைக்கு அவருக்கு மேல் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அப்படியும் சொற்கள் திறக்கவில்லை.

எங்கே திறந்தன? கும்பகோணத்தில் சமணர் வீடுகளில். அங்கே சிந்தாமணியைக் கூடியிருந்து படித்து, ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்டு, முழுவதும் முடிந்த நாளை விழாவாகக் கொண்டாடும் வழக்கம் இருந்தது. நூலில் சமணக் கருத்தும் கலைச்சொல்லும் வரும் இடங்களை அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். பண்டிதருக்குத் தெரியாத சொல் வியாபாரம் செய்யும் குடும்பத்தாருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் அந்த நூல் புழக்கத்தில் இருந்தது. 1887இல் சிந்தாமணி அச்சாயிற்று. இரண்டு வருஷம் கழித்துப் பத்துப்பாட்டு. இந்தக் கதையை ஏட்டைத் தேடி அலைந்த கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது அந்த வீட்டுக் கூடம்தான்.

நம் ஊருக்கு நெருக்கமான இன்னொருவர் தனிநாயகம் அடிகள். 1961இலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்ததற்கு அவரே காரணம். இதை மேடைதோறும் சொல்கிறோம். அவர் தமிழ் கற்ற கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1913இல் யாழ்ப்பாணத்துக்கு அருகே ஊர்காவற்றுறையில் பிறந்தவர். ஆங்கிலக் கல்வி, பிறகு ரோமாபுரியில் இறையியல். லத்தீன், இத்தாலியம் என்று ஐரோப்பிய மொழிகள் பல கைவந்தன. தமிழ் இலக்கியம் முறையாகத் தெரியாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளிக்குப் பணியாற்ற வந்த பிறகுதான் பண்டிதர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அங்கே சங்கப் பாட்டில் இயற்கையை ஆராய்ந்தார். குறிஞ்சிக்கும் முல்லைக்கும் அகராதியில் பொருள் பார்ப்பதோடு நிற்காமல், அந்தப் பூ எந்த மண்ணில், எந்தப் பொழுதில், யாருடைய மனநிலைக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்தார். பெற்றோர்களில் சிலர் என்னிடம், “எங்களுக்கு வயசாச்சு சார், இனிமே எங்க?” என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் இதுதான்.

சரி, நாம் எங்கே உட்கார்வது, எதைப் படிப்பது? பத்துமலையில் உட்கார்ந்துகொண்டு வேறு நூலைத் தேடுவானேன்? திருமுருகாற்றுப்படை இருக்கிறது. பத்துப்பாட்டில் முதல் பாட்டு, பதினோராம் திருமுறையிலும் உண்டு. இதைப் பாடிய நக்கீரரை ஒரு பூதம் குகையில் அடைத்ததாம். முன்பே 999 பேர் உள்ளே இருந்தார்கள். இவரோடு ஆயிரம் ஆயிற்று. அவர் முருகனைப் பாட, மலை பிளந்து எல்லாரும் வெளியே வந்தார்கள் என்பது திருப்பரங்குன்றத்துக் கதை. குகைக்குள் பிறந்ததாகச் சொல்லும் பாட்டைப் படிக்க இதைவிட நல்ல இடம் எது? நம் படிகள் 272, அந்தப் பாட்டின் அடிகள் 317. படிக்கு ஓர் அடி சொல்லிக்கொண்டு ஏறினாலும், மேலே போய்ச் சேர்ந்த பிறகு 45 அடி மிச்சம் இருக்கும். மூச்சு வாங்குவதற்குச் சரியாக இருக்கும்.

முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பழமுதிர்சோலை மலையில் ஓர் அருவி இறங்குகிறது. அவ்வளவுதான் செய்தி. ஆனால் இறங்கும் வழியில் அது செய்யும் அட்டகாசத்தைப் பாருங்கள். அகிலைச் சுமக்கிறது, சந்தன மரத்தை உருட்டுகிறது, வேரலை வேரோடு பறிக்கிறது. வேரல் என்றால் சிறுமூங்கில். உயரத்தில் தொங்கும் இறாலைச் சிதைக்கிறது. இறால் என்றதும் போர்ட் கிள்ளான் கடல் உணவுக் கடை நினைவுக்கு வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, எல்லாரும்தான்! இங்கே இறால் என்பது தேன்கூடு. மலை உச்சியில் கடல் இறாலுக்கு என்ன வேலை என்று பாட்டே உங்களைத் தடுத்து நிறுத்துகிறது பாருங்கள். அகராதி அதைச் செய்யாது.

மேலே போகலாம். ஆசினிச் சுளைகள் தண்ணீரில் கலக்கின்றன. ஆசினி பலாவில் ஒரு வகை. உங்களுக்குச் செம்பெடாக் நினைவுக்கு வந்தால் தவறில்லை. அது வேறு மரமானாலும் பலாவுக்கு உறவுதான். நீர்த்துளி தெறித்து யூகம் என்னும் கருங்குரங்கும் முசுக்கலையும் நடுங்குகின்றன. இந்த இடத்தில் சிறிது நிற்க வேண்டும். படிக்கட்டில் நம் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்கும் குரங்கை மலாயில் கெரா என்கிறோம். காட்டு ஓரத்தில் மரக்கிளையில் உட்கார்ந்து இலை தின்னும் கறுத்த, நீண்ட வால் குரங்கை லோத்தோங் என்கிறோம். நம் பிள்ளைகள் இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொல்வார்கள், மலாயில். தமிழில் கேட்டால் இரண்டும் குரங்கு. முசு என்பது அந்த இலை தின்னும் இனம். அதில் ஆண் என்றால் முசுக்கலை. பொதுவாகக் குரங்கில் ஆண் கடுவன், பெண் மந்தி. தொல்காப்பியத்தின் மரபியல் இப்படி விலங்கு, பறவை, மரங்களின் இளமைக்கு 9, ஆணுக்கு 15, பெண்ணுக்கு 13 பெயர்களை வைத்துக்கொண்டு எது எதற்கு வரும் என்று சொல்கிறது. காட்டைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. நமக்கும் காடு பக்கத்தில்தான் இருக்கிறது.

பிறகு பிடி குளிரில் சிலிர்க்கிறது. பிடி, பெண் யானை. வாழை முறிகிறது, தென்னங்குலை உதிர்கிறது, மிளகுக்கொடி சாய்கிறது, மயில்கள் வெருவுகின்றன. காட்டுக்கோழியின் பெட்டை சிதறி ஓடுகிறது. கேழல் என்னும் பன்றியும் உளியம் என்னும் கரடியும் விடரளைக்குள் புகுந்துகொள்கின்றன. விடர், மலையின் பிளவு. அளை, அதற்குள் இருக்கும் பொந்து. நம் மலையைச் சுற்றி வந்தால் பெருங்குகை ஒன்று, பக்கத்தில் இருட்டுக் குகை, இடையில் சுண்ணாம்புப் பாறையில் வெடிப்பும் பொந்துமாக எத்தனையோ. எல்லாவற்றையும் குகை என்ற ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம். விடர், அளை, முழை, பிலம் என்று தமிழில் தனித்தனியே இருக்கின்றன. மனிதர் குடைந்தது குடைவரை. கடைசியில் ஆமா, அதாவது காட்டுமாடு, சிலைக்கிறது. சற்று முன் சொன்னேனே, சிலைத்தல் முழங்குதல் என்று, அது இங்கே வருகிறது.

இந்தப் பகுதியில் பெயர்ச்சொற்கள் கண்ணைப் பறிக்கும். என்னைக் கேட்டால் வினைச்சொற்களைத்தான் குறித்துக்கொள்ளச் சொல்வேன். சிதைதல், கலாவுதல், பனித்தல், துமிதல், இரிதல், செறிதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அசைவு. இன்றைய எழுத்தில் நமக்கு வந்திருக்கும் வறுமை வினையில்தான். நாளிதழைப் பிரியுங்கள். ஆராய்ந்தார் என்று எழுத மாட்டார்கள், ‘ஆய்வு மேற்கொண்டார்’. சுற்றினார் இல்லை, ‘சுற்றுப்பயணம் மேற்கொண்டார்’. கொஞ்ச நாளில் ‘உறக்கம் மேற்கொண்டார்’ என்றும் வந்துவிடும். எஸ்.பி.எம். தேர்வுக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உவமைத்தொடரும் மரபுத்தொடரும் பத்திக்கு ஒன்றாகப் பொறுக்கி வைத்திருக்கும், வாக்கியம் மட்டும் நகராது. சொல்வளம் என்று அதைத்தான் நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

யாருக்கும் விளங்காத சொல்லை எடுத்துவிட்டு அவையை மிரட்டுவதும் சொல்வளம் ஆகாது. நாளைக்கே யாராவது கடையில் போய் உளியம் என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. சொல்லவும் வேண்டாம், கரடி போதும். அந்தச் சொற்கள் உள்ளே கிடந்தால், தேவை வரும்போது வேறொன்றாக வெளியே வரும். பள்ளிகளில் ஒரு பிள்ளையை மற்றவர்கள் சேர்ந்து வதைக்கும் கொடுமைக்கு நம் நாட்டில் பகடிவதை என்கிறோம். கேலிக்கு இருந்த பழைய சொல்லையும் வதையையும் சேர்த்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது, செய்தியிலும் பள்ளியிலும் நின்றுவிட்டது. வாட்ஸ்ஆப்பைப் புலனம் என்பதும் அப்படித்தான். சரக்கு இல்லாதவர்களால் இப்படிச் சேர்க்க முடியாது.

“இதனால் எத்தனை மதிப்பெண் கூடும்?” என்று ஓர் அம்மா கேட்கப் போகிறார், முகத்திலேயே தெரிகிறது. நியாயமான கேள்வி. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுப்பதற்கே இங்கே போராட வேண்டியிருந்தது. 2009இல் பாடங்களைப் பத்தோடு நிறுத்துவது என்று அரசு முடிவெடுத்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும்தான் முதலில் உதிரும் நிலை. சமூகம் குரல் கொடுத்த பிறகு பத்துக்கு மேல் இரண்டு என்று வழி பிறந்தது. அப்படிப் பெற்ற இடத்தைப் பிள்ளைகள் நிரப்ப வேண்டுமானால், இலக்கியம் என்றால் பயம் என்ற எண்ணம் படிவம் நான்குக்கு முன்பே போயாக வேண்டும். பதினாறு வயதில் முதல்முதலாகச் செய்யுளின் உள்ளே நுழையச் சொன்னால் யாருக்கும் மிரட்சிதான்.

இப்போது என் வேண்டுகோள். திருமுறை வகுப்பு நடக்கும் கோயில்களில், ஓதி முடித்த பிறகு அரை மணி நேரம் உரைக்கு ஒதுக்குங்கள். பத்தே அடி போதும். தேர்வும் பரிசும் வேண்டாம். பரிசு வந்தால் மறுபடியும் மனப்பாடம் வந்துவிடும். பெரியவர்களும் கூட உட்கார வேண்டும், பிள்ளைகளை விட்டுவிட்டு ஒட்டுக்கடைக்குத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். கேழல் எப்படி மண்ணைக் கிளறும், தேன்கூட்டை எப்படிப் புகை போட்டு எடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். உரைகாரர் நச்சினார்க்கினியர் நம்மோடு இல்லாத குறையை அவர்கள் பாதி தீர்ப்பார்கள்.

பத்துமலையில் வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம், காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள். அந்த அருவிப் பகுதியைப் பழைய உரையோடு பெரிய எழுத்தில் நகலெடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறார்கள். போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது பேனா வேண்டாம், பென்சில் கொண்டுவாருங்கள். ஓரத்தில் எழுதும் பொருளை இரண்டு மூன்று தடவையாவது அழித்து எழுத வேண்டியிருக்கும்.